நுனிமுடிக்கு வயது ஆறு

நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, பெயர் போட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன்.

வயது 34. தனியார் பள்ளியில் ஆசிரியை. பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சிப் பக்கம். இடுப்பைத் தாண்டி விழும் மூன்றடிக் கூந்தல். அவருடைய அம்மாயி சீயக்காய் அரைத்துத் தேய்த்து வளர்த்த முடி. இரண்டு வருடத்துக்கு முன்பு கணவரின் வேலைக்காக இப்போதைய ஊருக்குக் குடி வந்தார்கள். போர்வெல் தண்ணீர்தான், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. கொழுந்தனார் கல்யாணத்துக்காகப் பதினாலு மாதத்துக்கு முன்பு ஒரு பார்லரில் ஸ்மூத்தனிங் செய்துகொண்டார். மூன்று மாதம் பட்டுப்போல இருந்தது. அதன் பிறகு கடைசி ஒரு சாண் முடி வறண்டு தேங்காய் நாராக மாறிவிட்டது. நுனி பிளக்கிறது, புடவையில் மாட்டுகிறது, சீப்பு இறங்க மறுக்கிறது. "உச்சியில் தொட்டால் பழைய முடிதான் டாக்டர், நுனியைத் தொட்டால் யாருடைய முடியோ மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

இதுவரை செய்தவை: ரசாயனம் வேண்டாமென்று ஷாம்புவை விட்டுச் சீயக்காய் சோப்புக்கு மாறினார். வியாழக்கிழமை இரவு விளக்கெண்ணெயைத் தலை முதல் நுனி வரை ஊற்றி, வெள்ளிக்கிழமை காலையில் அலசுகிறார். வாரம் ஒரு முட்டையைத் தலையில் தேய்க்கிறார். தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. கண்டிஷனர் போட்டால் முடி கொட்டும் என்று தோழி சொன்னதால் அதைத் தொடுவதில்லை. இப்போது பார்லரில் எட்டாயிரம் ரூபாய்க்குக் கெரட்டின் (முடிக்குள் புரதம் ஏற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை) செய்யச் சொல்கிறார்கள். அத்தை அரப்பு (உசிலை இலைத் தூள்) போடச் சொல்கிறார். கணவர் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். கேள்வி இதுதான்: "ஒரு அங்குலம்கூட வெட்டாமல் நுனியை மறுபடியும் மென்மையாக்க என்ன வழி? குற்றம் தண்ணீரிலா, என்னிடமா?"

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உச்சியில் பழைய முடி, நுனியில் யாருடைய முடியோ. அதை வைத்தே தொடங்குகிறேன்.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்கிறது. வருடத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றடி என்றால் தொண்ணூறு சென்டிமீட்டர். அதாவது உங்கள் பின்னலின் நுனி ஆறு வருடத்துக்கு முன்பு தோலை விட்டு வெளியே வந்தது. நீங்கள் இந்த ஊரைப் பார்ப்பதற்கு நாலு வருடம் முன்னால். ஆறு வருட வெயில், சிக்கெடுப்பு, ஸ்கூட்டிக் காற்று, நூற்றுக்கணக்கான தலைக்குளியல் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. போதாக்குறைக்கு, ஐந்து வயதை நெருங்கும்போது அதன்மேல் ஸ்மூத்தனிங் மருந்தைப் பூசி, சூடான இரும்பால் தேய்த்தார்கள்.

வேரோரம் இருப்பது வேறு முடி. ஸ்மூத்தனிங்குக்குப் பிறகு பதினாலு மாதத்தில் முளைத்தது பதினேழு சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பகுதி பொள்ளாச்சித் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. முளைத்த நாளிலிருந்து போர்வெல் தண்ணீரில்தான் குளிக்கிறது, பின்னால் சீயக்காய் சோப்பும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் மென்மையாக இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அது இளம் முடி, இன்னும் பல குளியல்களைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இருந்தாலும், தண்ணீர் ஒன்றே குற்றவாளி என்றால் உச்சிக்கும் நுனிக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொன்னால் கோபம் வரும். வெளியே தெரியும் முடி உயிரற்றது. ரத்தமும் நரம்பும் தோலுக்குக் கீழே வேரோடு நின்றுவிடுகின்றன. தோலில் வெட்டுப்பட்டால் ஆறும்; முடி பிளந்தால் ஆறாது. ஒட்டிவிடும், சீராக்கிவிடும் என்று விற்கும் எல்லாம் அடுத்த குளியல் வரை ஒட்டவைக்கும் பசைதான். ஆகவே நுனிக்கு எதை ஊட்டலாம் என்று யோசிப்பதை விட்டுவிடுங்கள். இருபது வருடம் பழகிய கல்யாணப் பட்டுப்புடவையை எப்படிக் கையாள்வீர்கள்? பார் சோப்புப் போட்டுக் கல்லில் அடிக்க மாட்டீர்கள் அல்லவா? பட்டும் புரதம், முடியும் புரதம். அதே பதனம்தான் நுனிக்கும் வேண்டும்.

சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டு வீட்டுக் கூரைபோல மெல்லிய செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியைப் பார்த்து அடுக்கப்பட்டிருக்கும். வேரோரம் ஆறு முதல் பத்து அடுக்கு. அவற்றின் மேல் வழுவழுப்பான ஒரு கொழுப்புப் படலம், முடியோடு முடியாக ஒட்டியிருக்கும். தண்ணீரை உருட்டி விடுவது அதுதான். காரமான ரசாயனம், பிளீச், ஸ்மூத்தனிங் போன்றவை அந்தப் படலத்தை உரித்துவிடும். பிறகு சீப்பும் துண்டும் செதில்களை ஒவ்வொன்றாகப் பெயர்க்கும். ஓடு பறந்த கூரையில் கைமரங்கள் வெளியே தெரிவதுபோல உள்ளே இருக்கும் நார்கள் வெளியே வந்து பிரிந்துகொள்ளும். அதைத்தான் முடி பிளக்கிறது என்கிறோம்.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. இப்படிப் பழுதான முடி, நல்ல முடியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். குளிக்கும்போது ஊறி உப்பும், காயும்போது சுருங்கும், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பலவீனமாகும். நீங்கள் வறட்சி என்று எழுதியிருப்பது ஈரம் இல்லாத குறை அல்ல. மேல்பரப்பு கரடுமுரடாகிவிட்டதை விரல்கள் வறட்சி என்று வாசிக்கின்றன. ஆகவே ஈரமூட்டுவதால் அது தீராது. பரப்பை வழுவழுப்பாக்கினால்தான் தீரும்.

தண்ணீர் மேல் எவ்வளவு பழி?

உங்கள் போர்வெல் தண்ணீர் கடினநீர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குடிநீருக்கான இந்தியத் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோது 600 வரை ஏற்கலாம். உங்கள் தண்ணீர் எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள் கணவரிடம்.

கடினநீர் முடியை அறுக்கிறதா என்றால், கோயம்புத்தூரில் தோல் மருத்துவர்கள் செய்து 2013-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. கடினநீரில் ஊறவைத்த முடிக்கும் தாதுக்கள் நீக்கிய நீரில் ஊறவைத்த முடிக்கும் இழுவலிமையிலோ மீள்தன்மையிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வலிமை குறைகிறது என்று சொன்ன ஆய்வும் பின்னால் வந்தது. தீர்ப்பு இன்னும் ஒருபக்கமாக இல்லை.

ஆனால் கடினநீரோடு சோப்பு சேர்ந்தால் கதையே வேறு. சோப்பு அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரியும். பாத்ரூம் தரையில் படியுமே வெள்ளை அழுக்கு, அதுவேதான். ஓடு பெயர்ந்த நுனியில் அது இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ரசாயனம் என்று ஷாம்புவை விட்டுப் பிடித்தது சீயக்காய் சோப்பு. அட்டையில் சீயக்காய் படம் இருந்தாலும் அது சோப்புதான்; காரத்தன்மை உடையது, பிஎச் ஒன்பது, பத்து என்று இருக்கும். உங்கள் அம்மாயி அரைத்த சீயக்காய்த் தூளோ லேசான புளிப்பு. இரண்டும் பெயரில் மட்டும்தான் சொந்தம். உங்கள் தவறு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இந்த மாற்றத்தைத்தான் சொல்வேன். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், சரி.

இயந்திரம் வீட்டுக் குழாய்களுக்கும் ஹீட்டருக்கும் நல்லது. முடிக்காக மட்டும் வாங்கவேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஓரிரு சொம்பு மென்நீர் போதும்: பிடித்துவைத்த மழைநீர், இல்லையென்றால் ஆர்ஓவில் வரும் குடிதண்ணீர். ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்கக் கூடாதென்று தலைக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். அது பாத்ரூம் கழுவ ஆகும்.

வெட்டாமல் முடியுமா?

ஒரு அங்குலம்கூட வெட்டாமல் என்கிறீர்கள். வெட்டாமலும் தொடலாம்படி ஆக்கலாம். நான் கீழே சொல்வதை ஆறு வாரம் செய்தால் சீப்பு இறங்கும், புடவையில் மாட்டுவது குறையும். ஆனால் ஏற்கெனவே இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்த முனைகள் பிளந்தபடிதான் இருக்கும். கிழிசல் மேலே ஏறும். இன்று இரண்டு அங்குலம் போனால் தீருவது, அடுத்த வருடம் நாலு அங்குலம் கேட்கும்.

உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. தோளளவு வெட்டுவது ஒன்று. மருத்துவக் காரணம் எதுவும் அதற்கு இல்லை. உங்களுக்கே ஆசை இருந்தால் ஒழிய வேண்டாம். ஒன்றும் வெட்டாமல் விடுவது இரண்டாவது. நான் சொல்வது மூன்றாவதை: இப்போது இரண்டு அங்குலம், அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சென்டிமீட்டர். இரண்டு அங்குலம் என்பது நாலு மாத வளர்ச்சி. மூன்று மாதத்தில் மூன்றரை சென்டிமீட்டர் வளரும் முடியில் ஒன்று போனாலும் நீளம் கூடிக்கொண்டேதான் இருக்கும். கணவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வாத்தியாரம்மா சொன்னால் கேட்பார்.

வெட்டினால் வேகமாக வளரும் என்று அம்மா சொல்வதும், வளர்பிறையில்தான் வெட்டவேண்டும் என்பதும் வேருக்குத் தெரியாது. நுனியில் கத்தரி பட்ட செய்தி மேலே போக அங்கே நரம்பு இல்லையே. வளர்பிறையில் வெட்டுவதால் கெடுதலும் இல்லை, அம்மாவின் மனசுக்காக நாள் பார்த்துக்கொள்ளலாம். கத்தரி மட்டும் கூர்மையாக இருக்கட்டும். காகிதம் வெட்டும் கத்தரி முனையை நசுக்கும். நசுங்கிய முனை மறுவாரமே பிளக்கும்.

தலைக்குக் குளிக்கும் நாள்

முதலில் எண்ணெய். அத்தனை விளக்கெண்ணெய் வேண்டாம். அது கெட்டியான எண்ணெய், அதை எடுக்கச் சோப்பு அதிகம் தேவைப்படுகிறது, அந்தச் சோப்புதான் நுனியைக் கெடுக்கிறது. நீளமான கூந்தலில் விளக்கெண்ணெய் தேய்த்து அலசியபோது முடி முழுவதும் சடைபோல இறுகி, வெட்டி எடுக்கவேண்டி வந்ததாக 2017-ல் முடியியல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பெண்ணின் கதை வந்தது. அபூர்வம்தான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய்க்கு மாறுங்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய மூலக்கூறு, முடிக்குள்ளேயே நுழையும். குளிப்பதற்கு முன்னால் தேய்த்தால் அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வந்த ஆய்வு சொன்னது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் காரணம் வேதியியலில் பொருந்துவதால் நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு டீஸ்பூன், தோளுக்குக் கீழே மட்டும், முந்தின இரவோ குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ. எண்ணெய் சொட்டவேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ஷாம்பு. வாரம் இருமுறை போதும். கையில் தண்ணீர் விட்டுக் கலக்கி உச்சந்தலைக்கு மட்டும். அழுக்கும் வியர்வையும் அங்கேதான். அலசும்போது வழிகிற நுரையே நுனிக்குப் போதும். நுனியைத் தனியாகப் பிடித்துக் கசக்காதீர்கள், எல்லா முடியையும் உச்சியில் குவித்துத் தேய்க்காதீர்கள். மாதம் ஒருமுறை, சேர்க்கைப் பட்டியலில் இடிடிஏ (EDTA, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) மேலாக இடம்பெறும் 'கிலாரிஃபையிங்' அல்லது 'கீலேட்டிங்' ஷாம்பு போட்டால் படிந்த கால்சியம் கொஞ்சம் வெளியேறும். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து அலசி, உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கண்ணில் படாமல்.

இப்போது அத்தையின் அரப்பு. அவர் சொல்வதை ஒதுக்கவேண்டாம். கொங்குப் பக்கம் வடிகஞ்சியில் அரப்பைக் கரைத்துத் தலைக்குத் தேய்ப்பது அர்த்தமுள்ள பழக்கம்: உசிலை இலையில் இயற்கையான நுரைப்பொருள், கஞ்சியில் வழுவழுப்பு. ஒரே நிபந்தனை, தூளைத் துணியில் சலிக்கவேண்டும். கரகரப்பான தூளை நுனியில் போட்டுத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். சலித்துக் கரைத்து, உச்சிக்கு மட்டும், வாரம் ஒருமுறை ஷாம்புவுக்குப் பதிலாகப் போடலாம். உசிலை நுனிக்கு வேண்டாம். வடிகஞ்சி வேண்டுமானால் ஊற்றிக்கொள்ளலாம்.

முட்டையைச் சாப்பிடுங்கள். அதிலுள்ள புரதம் முடிக்குள் நுழையமுடியாத அளவுக்குப் பெரியது. மேலே படிந்து, சூடான தண்ணீர் பட்டால் வெந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது, நீங்கள் பயந்து ஒதுக்கிய கண்டிஷனர். உங்களுக்கு நான் எழுதும் மருந்துச் சீட்டில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் எழுதுவேன். பழுதான முடியின் பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகம். கண்டிஷனரில் நேர்மின்னேற்றம் கொண்ட பொருட்கள் இருக்கின்றன. அவை எங்கே பழுது அதிகமோ அங்கே போய் அதிகமாக ஒட்டிக்கொள்கின்றன. உரிந்துபோன கொழுப்புப் படலத்துக்குத் தற்காலிக மாற்று அது. அது முடியைக் கொட்டவைக்காது. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி எல்லோருக்கும் உதிரும். கண்டிஷனர் போட்டதும் வழுக்கிக்கொண்டு வெளியே வருவது ஏற்கெனவே உதிர்ந்து சிக்கில் மாட்டியிருந்தவை. மூன்றடி முடி பத்து சேர்ந்தாலே கையில் பந்துபோலத் தெரியும், தோழி பயந்ததில் ஆச்சரியமில்லை.

பின்னால் உள்ள பொடி எழுத்தில் பெகன்ட்ரைமோனியம் குளோரைடு அல்லது செட்ரிமோனியம் குளோரைடு, கூடவே டைமெத்திகோன் அல்லது அமோடைமெத்திகோன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விலை எதுவானாலும் வேலை செய்யும். செட்டைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்படவேண்டாம். பெயரில்தான் ஆல்கஹால், உண்மையில் அது மெழுகுபோன்ற கொழுப்பு. உங்கள் நீளத்துக்கு ஒரு சின்ன பாக்கெட் போதாது. முடியைப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட்டு, காதுக்குக் கீழே தொடங்கி நுனியில் அதிகமாகத் தடவி, அதோடேயே அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து, மூன்று நிமிடம் கழித்து அலசுங்கள். கடைசியாக அந்த ஓரிரு சொம்பு மென்நீர்.

காய்ந்ததும் நுனியில் இரண்டு மூன்று சொட்டு சிலிக்கோன் சீரம். சிலிக்கோன் முடிக்கு மூச்சுமுட்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூச்சு விடுவதற்கு முடிக்கு மூக்கும் இல்லை, உயிரும் இல்லை. சீரம் பிடிக்காவிட்டால் உள்ளங்கையில் தேய்த்த இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

நுனியைத் தொடும் கைகள்

மருந்தைவிட இதில்தான் பாதி வெற்றி. ஈர முடி காய்ந்த முடியைவிட வலுவில்லாதது, இழுத்தால் நீளும், அப்புறம் அறும். தலைக்குக் குளித்ததும் டர்க்கி டவலால் அடித்துத் துவட்டுவதை நிறுத்துங்கள். பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுங்கள், பிழியவேண்டாம். சிக்கை நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போக எடுங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பு இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய் முடிச்சாகி அங்கேயே அறும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் எத்தனை நுனிகள் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீள முடிக்காரர்கள் வந்தால் நான் முதலில் ரப்பர் பேண்டைத்தான் பார்ப்பேன். பூக்கட்டு, பால் பாக்கெட்டில் வரும் அந்த ரப்பர் பேண்டைப் பின்னல் நுனியில் தினமும் ஒரே இடத்தில் இறுக்கினால் அந்த இடத்தில் முடி வரிசையாக ஒடியும். துணி சுற்றிய பேண்டு அல்லது ரிப்பன் போடுங்கள், தினமும் ஒரு அங்குலம் மேலே கீழே மாற்றுங்கள். ஸ்கூட்டியில் போகும்போது பின்னலைக் காற்றில் விடாமல் கொண்டையாகச் சுற்றி அல்லது துப்பட்டாவுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் நாற்காலியில் சாயும்போது பின்னலை முன்னால் எடுத்துப் போடுங்கள். இரவில் தளர்வான பின்னலோடு படுங்கள். தலையணைக்கு வழுவழுப்பான உறை நல்லது, பழைய சில்க் காட்டன் புடவைத்துணியே போதும்.

கெரட்டினை ஏன் வேண்டாம் என்கிறேன்

பார்லரில் சொல்வதுபோல முடிக்குள் புரதம் போய் உட்காருவதில்லை. இந்த மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, சூடானால் அதை வெளிவிடும் பொருளோ இருக்கிறது. இருநூறு டிகிரியைத் தாண்டிய இரும்பால் தேய்த்து முடியின்மேல் படலமாக்குகிறார்கள். ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்ற பாட்டிலில் பெரும்பாலும் கிளையாக்சிலிக் அமிலம். பார்லரில் இந்த அமிலம் கலந்த மருந்தால் முடியை நீவிக்கொண்ட 26 வயதுப் பெண் ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-ல் ஒரு முன்னணி மருத்துவ இதழ் வெளியிட்டது. எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் ஒருமுறை சுட்ட நுனியை மறுபடியும் சுட்டு, மூன்று மாதப் பளபளப்புக்காக எட்டாயிரம் கொடுப்பதற்கு நான் உங்களை அனுப்பமாட்டேன். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ கண்டிப்பாகக் கூடாது.

முந்தைய பார்லரிடம் பணம் திரும்பக் கேட்கலாமா என்று ஓரத்தில் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். உங்களுக்கு இன்னும் பத்து மாதமாவது இருக்கிறது. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ரசீது, மருந்தின் பெயர், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் கையில் இருக்கவேண்டும். 2018-ல் டெல்லியில் முடிவெட்டு கெட்டுப்போனதற்காக ஒரு பெண்ணுக்கு இரண்டு கோடி ரூபாய் தரச்சொல்லி தேசிய ஆணையம் 2021-ல் தீர்ப்பளித்தது. ஆதாரம் இல்லாமல் தொகையை நிர்ணயிக்கமுடியாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்துசெய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது. நீங்கள் மூன்று மாதம் திருப்தியாக இருந்ததாக நீங்களே எழுதியிருப்பதால், உங்கள் வாதம் அவ்வளவு வலுவானது என்று எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்

பயோட்டினை நிறுத்துங்கள். உண்மையான பயோட்டின் குறைபாடு அபூர்வம், குறைபாடு இல்லாதவருக்கு அது முடிக்கு உதவுகிறது என்பதற்குச் சான்று மிகவும் பலவீனம். அது வேரில் என்ன செய்தாலும் ஆறு வயது நுனியை எட்டப்போவதில்லை. அதோடு ஒரு ஆபத்தும் உண்டு: அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். தைராய்டு அளவு தவறாக வரலாம், மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனைகூடப் பொய் சொல்லலாம் என்று 2017-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் மலச்சிக்கல், களைப்பு, மாதவிடாய் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை; தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காடு என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தைராய்டு குறைந்தாலும் முடி கரடாகும். நுனியில் மட்டும் உள்ள உங்கள் பிரச்சினைக்கு இவை காரணம் என்று நான் நினைக்கவில்லை, அப்படியென்றால் உச்சியிலும் தெரியவேண்டும். ஆனால் களைப்புக்காகவாவது ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) மூன்றும் பாருங்கள். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று லேபில் சொல்லுங்கள்.

முடியின் நடுவே வெள்ளைப் புள்ளிபோல முடிச்சுகள் தெரிந்து அங்கங்கே ஒடிந்தாலோ, வேரோரமும் கரடானாலோ, வகிடு அகலமானாலோ கடிதம் போதாது, அருகிலுள்ள தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

ஏழு வயது மகளுக்கும் நீளமாக வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. அவள் நுனிக்கு இன்னும் வயதே ஆகவில்லை. அகலப்பல் சீப்பு, ரிப்பன், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். அப்புறம், அவளுக்குச் சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்குங்கள். காலையில் அழுகையும் பாதியாகக் குறையும்.